கிணற்றடியில் ஒரு கணக்கு

சோளகக் காற்று ஓய்ந்து, மாரி மழைக்கு இன்னும் நாள் இருக்கின்ற புரட்டாதி மாதத்தில், காலையில் எழுந்ததும் கிணற்றை எட்டிப் பார்ப்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் நெடுநாளைய வழக்கம். நேற்றுத் தெரியாத கல்லொன்று இன்று தண்ணீருக்கு மேலே தலைகாட்டினால், "இன்னும் ஒரு முழம் வத்திப்போச்சு" என்ற பேச்சு அடுப்படி வரைக்கும் போகும். அன்று தொடக்கம் வீட்டிலே தண்ணீர்ச் செலவு தானாகவே குறையும். கட்டுக்கட்டின பிறகு நீர் மட்டத்தைக் காட்டுவதற்கு வேறு கருவி எதுவும் எங்கள் பெரியோருக்குத் தேவைப்படவில்லை. அள்ளுகின்ற கயிறே அவர்களுக்கு அளவுகோல்.

இன்று கயிறு இல்லை. ஆளியை அழுத்தினால் மோட்டர் ஓடுகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. பல வீடுகளிலே கிணற்றுக்கு வலையும் மூடியும் போட்டாயிற்று. பிள்ளைகள் விழாமலிருக்க அது நல்லதுதான்; ஆனால் உள்ளே தண்ணீர் எங்கே நிற்கிறதென்று வீட்டிலே ஒருவருக்கும் தெரியாது.

கடந்த ஆவணியில் ஒரு நாள் மத்தியானம் எனது அயலவர் ஒருவர் ஓஸ் பைப்பைப் பிடித்துத் தம் வீட்டு வாசலில் நிற்கும் குரோட்டன் செடிகளுக்கும் புல்லுக்கும் தண்ணீர் விசிறிக்கொண்டிருந்தார். நான் மெல்லச் சொன்னேன், "தம்பி, இந்த வெய்யிலுக்கை ஊத்தாமல் பின்னேரம் ஊத்தலாமே" என்று. அவர் சிரித்துக்கொண்டு சொன்ன மறுமொழி இது: "மாஸ்ரர், ஊத்திற தண்ணி நிலத்துக்குத்தானே போகுது? நிலத்திலையிருந்து திரும்பக் கிணத்துக்குத்தானே வரும்? இதிலை என்ன நட்டம்?"

கேட்டமாத்திரத்தில் நியாயமாகத் தோன்றும் கேள்வி. வகுப்பிலே ஒரு மாணவன் கேட்டிருந்தால் கெட்டிக்காரன் என்று மெச்சியிருப்பேன். அன்று எனக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

மிதக்கின்ற தண்ணீர்

முதலில் எமது கிணற்று நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். குடாநாட்டில் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறு என்று அழைப்பது நாம் அதற்குச் செய்யும் மரியாதை. மலையும் இல்லை. ஆகவே வேறெங்கிருந்தும் தண்ணீர் நமக்கு வந்து சேர வழியில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 அங்குலம், அதாவது 1,200 தொடக்கம் 1,300 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழை ஒன்றே எமது வரவு. அதிலும் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடும். மூன்று மாத வரவை வைத்துப் பன்னிரண்டு மாதச் செலவை நடத்தும் குடும்பம் எமது குடாநாடு.

இந்த மழைநீர் மண்ணூடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்குகிறது. அக்கல்லின் ஆழத்திலோ கடல்நீர் புகுந்து நிற்கிறது. ஏனெனில் நாலு புறமும் கடலும் கடனீரேரியும் எம்மைச் சூழ்ந்துள்ளன. உப்புநீர் பாரமானது, நன்னீர் அதைவிட இலேசானது. ஆதலால் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நடுவிலே தடித்தும் கரையோரத்திலே மெலிந்தும், மூக்குக்கண்ணாடிக்குப் போடும் வில்லையைப் போல அது அமைந்திருக்கிறது என்பர். வலிகாமத்தின் நடுவிலுள்ள ஊர்களில் நல்ல தண்ணீர் தாராளமாகக் கிடைப்பதும், கரையோரத்திலும் தீவுகளிலும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினாலே சவர் வருவதும் இதனாலேயே.

இந்த மிதப்பிற்கு ஒரு கணக்கு உண்டு. ஒல்லாந்தரான கைபன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவர் 1901ஆம் ஆண்டிலும் தனித்தனியே இதை எடுத்துக் காட்டினார்கள். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரம் கூடியது. ஆகையால் நன்னீரின் மேல்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயர்ந்து நின்றால், அதன் அடிப்பாகம் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு இருக்கும். இது கேட்க மகிழ்ச்சியான செய்தி. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேல்மட்டம் ஓரடி இறங்கினால், காலப்போக்கில் அடியிலுள்ள உப்புநீர் 40 அடி மேலே எழும்பலாம். எமது சுண்ணாம்புக் கல் பொந்தும் புழையும் நிறைந்தது. ஆகவே இக்கணக்கு இடத்துக்கிடம் பிசகும். என்றாலும் அது காட்டுகின்ற திசை பிசகாது.

புத்தூர்ப் பக்கத்திலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்க்காதவர்கள் எம்மில் குறைவு. அதற்கு அடி இல்லையென்று சிறு வயதில் எமக்குக் கதை சொன்னார்கள். அடி உண்டு. மேலே நல்ல தண்ணீர், ஆழம் செல்லச் செல்ல உப்புத் தண்ணீர் என்பதே அதன் உண்மையான அதிசயம். எமது காலடியில் எங்கும் மறைந்திருப்பதை அந்தக் கிணறு திறந்து காட்டிக்கொண்டிருக்கிறது.

பிள்ளைகளுக்கு இதை விளக்க ஓர் இலகுவான வழி உண்டு. ஆறிய வெறுந்தேநீரிலே இரண்டு கரண்டி உப்பைக் கரைத்து ஒரு கண்ணாடிக் குவளையில் அரைவாசிக்கு விடுங்கள். அதன்மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, கரண்டியின் முதுகிலே நல்ல தண்ணீரைத் துளித்துளியாக ஊற்றுங்கள். பொறுமை வேண்டும், அவசரப்பட்டால் இரண்டும் கலந்துவிடும். நிதானமாகச் செய்தால் கறுத்த நீர் கீழேயும் தெளிந்த நீர் மேலேயும் பிரிந்து நிற்கும். இப்பொழுது பப்பாசி இலைக் காம்பொன்றை எடுத்து அதன் நுனி தெளிந்த நீருக்குள் நிற்கும்படி பிடித்து மெதுவாக உறிஞ்சச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் வரும். பின்பு பலமாக உறிஞ்சச் சொல்லுங்கள். கறுத்த நீர் ஒரு சிறு புற்றைப்போல மேலெழுந்து வந்து காம்புக்குள் புகுவதைக் கண்ணாலே காணலாம். பிள்ளை முகத்தைச் சுளிப்பதையும் காணலாம்.

மெதுவாக எடுத்தால் நல்ல தண்ணீர், வேகமாக எடுத்தால் சவர் என்பதைத் துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் ஒருவரும் படிக்கவில்லை. படிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒருவர் துலா மிதிக்க ஒருவர் பட்டை பிடித்து இறைக்கையில், மனிதர் களைத்து இளைப்பாறும் நேரம் கிணறும் இளைப்பாறியது. 1950களிலிருந்து இறைப்பு இயந்திரங்கள் பரவின. இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. துலா மிதித்து நெஞ்சு நொந்த கமக்காரருக்கு அது பெரிய விடுதலை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். கிணற்றுக்கு இருந்த ஓய்வு அத்தோடு போயிற்று என்பதையே சொல்கிறேன்.

மாமி வீட்டுக் கிணறு

தீவுப்பகுதியில் வாழ்க்கைப்பட்ட என் மாமி ஒருவரின் வீட்டில் நான் சிறுவனாயிருந்தபோது ஒரு கிணறு இருந்தது. பன்னிரண்டு அடி ஆழம் இருக்கும். கோடையில் காலையிலே பத்து வாளி, மாலையிலே பத்து வாளி; அதற்கு மேல் அள்ளினால் கலங்கும். மாமி அளந்து அளந்து அள்ளுவார். மாமாவுக்கு அது பெருங்குறையாயிருந்தது. வெளியூரில் உத்தியோகம் பார்த்துக் கையில் காசு சேர்ந்ததும், ஆட்களைக் கூப்பிட்டுக் கல்லுக்கு வெடி வைத்துக் கிணற்றை மேலும் எட்டு அடி ஆழமாக்கினார். இயந்திரமும் பூட்டினார். முதல் வருடம் வளவெல்லாம் செழித்தது. கத்தரி, வெண்டி, பூசணி என்று மாமி சுளகு சுளகாக அயலுக்குக் கொடுத்தார்.

இரண்டாம் வருடக் கோடையில் தேநீரின் சுவை மாறிற்று. பருப்பு அவியப் பிந்திற்று. சவர்க்காரம் நுரைக்க மறுத்தது. மூன்றாம் வருடம் இளந்தென்னைகளின் ஓலை நுனிகள் கருகின. அதன் பிறகு மாமியின் சீவியம் இடுப்பிலே குடத்தோடு அரைக்கட்டை தூரத்திலுள்ள ஊர் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு நடப்பதாயிற்று. அங்கே வரிசை. ஒரு வீட்டுக்கு இரண்டு குடம் என்று கட்டுப்பாடு.

"ஆழமாத் தோண்டினால் கூடத் தண்ணி வருமெண்டு நினைச்சம், தம்பி. கடல்தான் வந்தது" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். அதைவிட மனதை உறுத்திய வேறொன்றும் உண்டு. அவர்கள் வீட்டுக் கிணறு மட்டும் கெடவில்லை. பக்கத்து வளவிலே கயிற்றினால் மட்டும் அள்ளிக்கொண்டிருந்த ஒரு கிழவியின் கிணறும் சவராயிற்று. அந்தக் கிழவி இயந்திரத்தைத் தொட்டும் பார்த்தவரல்லர். மாமாவும் அவரும் அதன் பிறகு முகங்கொடுத்துக் கதைத்ததில்லை.

வேலி மேலேதான் இருக்கிறது. நிலத்துக்குக் கீழே எல்லைக்கல் கிடையாது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே கிணற்று நீரில் எண்ணெய் கலந்திருக்கிறதென்ற பிரச்சினை எழுந்தபோது, ஒரு கிணற்றிலிருந்து மறு கிணற்றுக்கு, ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்கு அது பரவுமா என்று எல்லோரும் அஞ்சியது இதனாலேயே. உறுதியிலே கிணறு உமது பெயரில் இருக்கலாம். தண்ணீர் அப்படியல்ல.

அயலவருக்குப் பதில்

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். ஊற்றிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கு வராதா? ஒரு பங்கு வரும். அதை மறுப்பது சரியல்ல. ஆனால் மூன்று விடயங்களை அவர் கணக்கிலே சேர்க்கவில்லை.

மத்தியான வெயிலிலும் சோளகக் காற்றிலும் விசிறப்படும் தண்ணீரில் ஒரு பங்கு மண்ணைத் தொடுமுன்னரே ஆவியாகும். மேல்மண்ணை மட்டும் நனைத்த நீரும் பின்னேரத்துக்குள் காய்ந்துபோகும். செடி குடித்த நீரும் இலை வழியே ஆகாயத்துக்குப் போவது. இவை கிணற்றுக்குத் திரும்புவன அல்ல. அதுமட்டுமன்று. தண்ணீர் ஆவியாகும்போது அதிலிருந்த உப்பு ஆவியாவதில்லை. மண்ணிலே தங்கி, அடுத்த மழைக்குக் கீழே இறங்குகிறது. அலுமினியச் சட்டியிலே தண்ணீரைக் கொதிக்கவிட்டு வற்றவிட்டால் அடியிலே வெள்ளை படிவதைக் காணாத இல்லத்தரசி எமது பகுதியில் இல்லை. அதுதான் இதுவும்.

அடுத்தது, திரும்பிவரும் நீர் வெறுங்கையோடு வருவதில்லை. தோட்டத்திலே போட்ட பசளையையும், கிணற்றடியிலே கரைத்த சவர்க்காரத்தையும், மலசலகூடக் குழியின் கழிவையும் சுமந்துகொண்டு வருகிறது. தோட்டச் செய்கை மிகுந்த எமது ஊர்களின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்னும் பொருள் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்மார் இதைக் கவனித்தல் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் சக்தியை இது குறைக்கவல்லது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். தேவைக்கு மேல் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுகின்றபோது, காசு கொடுத்து வாங்கிய யூரியாவைத் தான் குடிக்கும் கிணற்றுக்குள்ளேயே கமக்காரர் கழுவி விடுகின்றார்.

கடைசியாக, வேகம். பத்து நிமிடத்தில் மோட்டர் உறிஞ்சி எடுத்த நீர் மண்ணூடாக இறங்கித் திரும்பிவரப் பல நாள் செல்லும். அதற்கிடையிலே அந்தத் தேநீர்க் குவளையில் கண்ட புற்று அடியிலே எழும்பிவிடுகிறது. எழும்பிய உப்பு, மோட்டரை நிறுத்தியவுடன் எழும்பிய வேகத்திலே இறங்கிப் போவதில்லை.

இதை நான் அவருக்கு இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். "அப்ப குரோட்டனைச் சாகவிடச் சொல்லிறியளோ?" என்று கேட்டார். இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வாளியிலே கொண்டுபோய் அடியிலே ஊற்றினால் போதும். குரோட்டன் அதற்கே நன்றி சொல்லும். புல்லைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சோளகக் காலத்திலே புல் பச்சையாக இருக்கவேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பழக்கமன்று.

வீட்டுக்குள்ளே

வீட்டில் மிகப் பெரிய வீண்விரயம் எது என்று கேட்டால் பலரும் குளிப்பு என்பர். என் அனுபவத்தில் அது மேலே ஏற்றி வைத்த தண்ணீர்த் தாங்கி. மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோவது. நிமிடத்துக்கு 30 லீற்றர் ஏற்றும் ஒரு சிறிய மோட்டர், தாங்கி நிறைந்த பின்னும் 20 நிமிடம் ஓடினால் 600 லீற்றர் வழிந்து ஓடிவிடும். பத்து லீற்றர் வாளியால் அறுபது வாளி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவசரமாகப் புறப்படும் வேளையிலே மோட்டரைப் போட்டுவிட்டு, திரும்பி வரும்போது கூரையிலிருந்து அருவி விழுவதைக் கண்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. தாங்கி நிறைந்ததும் மோட்டரைத் தானாக நிறுத்தும் மிதவை ஆளி கடைகளில் உண்டு. அதற்கும் வசதியில்லையென்றால், வழியும் குழாயின் வாயைக் குசினி யன்னலுக்கு நேரே திருப்பி, கீழே ஒரு தகரத்தை வையுங்கள். சத்தம் கேட்டு யாராவது ஓடுவார்கள்.

ஒழுகும் குழாயை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டு. ஏறத்தாழ 20 லீற்றர். நம்பாவிட்டால் இன்றிரவு ஒரு வாளியை வைத்துவிட்டுப் படுத்து, காலையிலே பிள்ளையைக் கொண்டு போத்தலால் அளப்பியுங்கள். சில சதம் பெறாத ஓர் இறப்பர் வளையத்தை மாற்றச் சோம்பல்பட்டு, மாதம் 600 லீற்றர் இழக்கிறோம் என்று முன்பு எழுதியிருப்பேன். இப்பொழுது அந்த வளையமும் சதக் கணக்கில் கிடைப்பதில்லை. என்றாலும் மாற்றத்தான் வேண்டும்.

ஓடும் குழாயின் கீழே பாத்திரம் அலம்புவதையும், அரிசி கழுவுவதையும் விட்டு, சட்டியிலே நீர் பிடித்துச் செய்தால் பாதி மிச்சம். அரிசி, மரக்கறி, மீன் கழுவிய தண்ணீர் செடிக்கு நல்ல உணவு. உப்புப் போட்டுக் கழுவிய மீன் தண்ணீரை மட்டும் சிறு செடிக்கு விடாதீர்கள். பழைய மாதிரி மலசலகூடத் தொட்டி ஒரு முறை இழுத்தால் 9 லீற்றருக்கு மேல் கொட்டும். மணல் நிரப்பி மூடிய ஒரு லீற்றர்ப் போத்தலை அத்தொட்டிக்குள் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு லீற்றர் மிஞ்சும்.

இக்காலத்திலே பல வீடுகளில் உப்பகற்றும் வடிகட்டி பூட்டியிருக்கிறார்கள். அது ஒரு லீற்றர் குடிநீர் தருவதற்கு அதிலும் கூடிய அளவு நீரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. அந்தக் கழிவு நீரிலே உப்பு செறிந்திருப்பதால் மரக்கறிப் பாத்திக்கு ஆகாது. நிலம் துடைக்கவும் மலசலகூடத்துக்கும் அதைப் பிடித்து வைக்கலாம். 2024ஆம் ஆண்டிலே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய் நீர் வீடு வீடாக வருமென்று பலரும் மகிழ்கிறோம். வரட்டும். ஆனால் அத்தனை மின்சாரம் செலவிட்டு உப்புப் பிரித்த தண்ணீரை வாங்கி மோட்டார் வண்டி கழுவுவதற்கு மனம் வருமா என்று தெரியவில்லை.

கிணற்றடியைப் பற்றி ஒரு வார்த்தை. எமது முன்னோர் கிணற்றடியிலே வாழையும் கமுகும் வைத்தது அழகுக்கன்று. குளித்த, துவைத்த தண்ணீர் சிறு வாய்க்காலால் ஓடி அவற்றுக்குப் பாய்ந்தது. இன்று கிணற்றடிச் சீமெந்து வெடித்து, சவர்க்கார நீர் அந்த வெடிப்பாலேயே கிணற்றுக்குள் இறங்குவதைப் பல வீடுகளிலே காண்கிறேன். வெடிப்பை அடைத்து, நீரைப் பத்து முழத்துக்கு அப்பாலாவது கொண்டுபோய் வாழைக்கு விடுங்கள். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி தூரம் வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் குறைந்த எல்லை. பொந்துக் கல் நிலத்திலே இன்னும் கூட இருந்தால் நல்லது.

வளவிலே

தண்ணீரை மிச்சம் பிடிக்க விரும்புபவர் முதலில் விளக்குமாற்றைக் கீழே வைக்க வேண்டும். வளவைக் கண்ணாடி போலக் கூட்டி, சருகையெல்லாம் குவித்து நெருப்பு வைப்பது எம்மவரின் பெருமை. முற்றத்தைக் கூட்டுங்கள், மரத்தின் அடியைக் கூட்டாதீர்கள். சருகு, காவோலை, வைக்கோல், பொச்சு எதுவாயினும் நாலு விரற்கிடை மொத்தத்துக்குப் பரப்பிவிட்டால் வெயில் மண்ணிலே படாது. இரண்டு நாளுக்கொரு முறை நீர் கேட்ட செடி நாலு நாள் பொறுத்திருக்கும். தண்டை ஒட்டிக் குவித்தால் கறையான் வரும். ஒரு சாண் விட்டுப் பரப்புங்கள்.

தென்னைக்குச் சிறந்தது அதன் மட்டையே. மரத்தைச் சுற்றி ஆறடி தள்ளிக் குழி வெட்டி, உரித்த மட்டைகளைக் கிண்ணம்போல் மேலே பார்க்க அடுக்கி, மண்ணும் இடையிடையே போட்டு மூடிவிட்டால், அவை தம் எடையைப் போல் மூன்று தொடக்கம் ஐந்து மடங்கு நீரை உறிஞ்சி வைத்திருக்கும். ஐந்தாறு ஆண்டுக்கு அதன் பயன் நிற்கும். மாரிக்கு முன் புதைப்பதே தகுந்த காலம்.

சிறு மரக்கறித் தோட்டத்துக்குப் பானை வைத்தல் என்ற பழைய முறையொன்று உண்டு. மினுக்குப் பூசாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, சிரட்டையால் மூடிவிட்டுச் சுற்றிவர மூன்று நாலு பூசணி அல்லது பாகல் விதையை ஊன்றவேண்டும். பானை கசியக் கசிய வேர் தேடிப்போய்க் குடிக்கும். மண் ஈரமாயிருக்கும்போது கசிவு குறையும், காய்ந்தால் கூடும். மண்பானை கிடைக்காதவர்கள் பிளாஸ்ரிக் போத்தலின் மூடியில் ஊசித் துளையிட்டுக் கவிழ்த்துப் புதைக்கலாம். அது அத்தனை புத்திசாலியன்று, ஆனாலும் உதவும்.

எப்போது நீர் ஊற்றவேண்டும் என்பதைக் கடிகாரத்தைக் கேளாமல் மண்ணைக் கேளுங்கள். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டியதில்லை.

வளவுக்கு இன்று வந்திருக்கும் பெரிய கேடு, என் எண்ணத்தில், முற்றம் முழுவதும் சீமெந்தும் கல்லும் பதிப்பது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காசிலே வாசல் தொடக்கம் கோடி வரை கல் பதித்து, கிடுகு வேலியை எடுத்து மதிலும் கட்டிவிடுகிறோம். சப்பாத்திலே சேறு படாது, உண்மைதான். ஆனால் ஐப்பசி மழை அங்கே இறங்க வழியின்றித் தெருவுக்கும், தெருவிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து கடனீரேரிக்கும் ஓடிப் போகிறது. மூன்று மாத வரவை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, பங்குனியில் கிணறு வற்றுகிறது என்று முறையிடுகிறோம்.

கூரையின் கணக்கு

ஒரு சதுர மீற்றர் பரப்பிலே ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர். இதை வைத்து உங்கள் வீட்டுக் கணக்கைப் பிள்ளைகளே போடலாம். ஆயிரம் சதுர அடிக் கூரை ஏறத்தாழ 93 சதுர மீற்றர். ஆண்டு மழை 1,200 மில்லிமீற்றர் என்று வைத்து, ஐந்திலொரு பங்கு வீணாகுமென்று கழித்தாலும், 89,000 லீற்றருக்கு மேல் உங்கள் கூரையிலே விழுகிறது.

அதில் 5,000 லீற்றரைச் சீமெந்துத் தாங்கியொன்றில் சேர்த்தாலே பெரிய காரியம். இலங்கையில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து பல கிராமங்களிலே இந்த அளவான மழைநீர்த் தாங்கிகள் கட்டப்பட்டன. 2005ஆம் ஆண்டிலே மழைநீர் சேகரிப்புக்கென அரசு ஒரு தேசியக் கொள்கையும் வகுத்தது. ஐந்து பேருள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 30 லீற்றர் என்றால், மார்கழி முடிவில் நிறைந்த தாங்கி ஆனி நடுப்பகுதி வரை வரும். சவர் ஊர்களுக்கும் கைக்குழந்தையுள்ள வீடுகளுக்கும் இதைவிட நல்ல குடிநீர் தேடுதல் கடினம். ஏனெனில் வானத்திலிருந்து வரும் நீரிலே பசளையும் இல்லை, உப்பும் இல்லையென்றே சொல்லலாம். கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

மிகுதி நீரைக் குழியொன்றுக்கு விடுங்கள். நாலடி அகலம், நாலடி ஆழம் போதும். அடியிலே கல், அதன்மேல் சல்லி, அதன்மேல் மணல். கூரை நீரை நேரே கிணற்றுக்குள் விழவிடுவது சிலரின் வழக்கம். பறவை எச்சமும் சருகும் அதனுடனே போகும், ஆகவே வேண்டாம். குழியைப் பாறை வெடிப்பு வரை தோண்டவும் வேண்டாம். மண்ணூடாக வடிந்து இறங்குவதே சுத்தம். மலசலகூடக் குழியிலிருந்து தள்ளி வெட்டவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

என் மாமி வீட்டிலே இப்பொழுது அவருடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஆழமான கிணறு இன்றும் சவர்தான். துணி துவைக்க மட்டும் உதவுகிறது. கூரையின் ஒரு பக்கத்துக்குப் பீலி அடித்து, தாங்கி கட்டியிருக்கிறார்கள். புரட்டாதிக் கடைசியிலே ஏணி வைத்து ஏறிப் பீலியிலுள்ள சருகை வழிப்பார்கள். முதல் இரண்டு மழையைக் குழாயை விலக்கி வெளியே விட்டுவிடுவார்கள். மூன்றாம் மழைதான் தாங்கிக்குள் போகும். டெங்கு நுளம்பு முட்டையிடாமலிருக்க வாய்க்கு மெல்லிய வலை கட்டி, மூடிக்குப் பூட்டும் போட்டிருக்கிறார்கள். திறப்பு வீட்டுக்கார அம்மாவின் இடுப்பிலே. கடந்த வைகாசியில் நான் போனபோது அந்தத் தண்ணீரிலே தேநீர் தந்தார்கள். பருப்பும் அதிலேதான் அவிந்துகொண்டிருந்தது. பக்கத்து வளவிலே, அந்தக் கிழவியின் மகள் வீட்டுக்கும் நாளுக்கு ஒரு குடம் கொடுக்கிறார்கள்.